எஸ்போசிட்டோ: குடும்பப் பெயரா? சூட்டுக்கோலா?

சென்ற மாதம் ஒரு சிற்றூரில் நடந்த கூட்டத்தில் நாம் ஜாதிப் பட்டங்களைப் பற்றிப் பேசி உட்கார்ந்ததும், படித்த கனவான் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "ஐரோப்பாவில் ஒவ்வொருவனுக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கின்றது. அதனால் அங்கு யாருக்கும் இழிவு வந்துவிடவில்லை. நாமும் பட்டத்தைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டால் என்ன குடி முழுகிப் போகும், ஐயா?" என்றார். கூட்டத்தில் சிலர் கையும் தட்டினார்கள். அன்று நேரமாகிவிட்டபடியால் சுருக்கமாகவே பதில் சொன்னோம். ஆனால் வெள்ளைக்காரன் பெயர் என்றால் அதில் சூது வாது ஒன்றும் இராது என்று நம்மில் படித்தவர்களே நம்பிக்கொண்டிருப்பதால், அங்குள்ள ஒரே ஒரு பெயரை எடுத்து அதன் யோக்கியதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

இத்தாலி தேசத்தில் நேப்பிள்ஸ் என்பது ஒரு பெரிய துறைமுகப் பட்டணம். அங்கே "எஸ்போசிட்டோ" என்று ஒரு குடும்பப் பெயர் உண்டு. லத்தீன் பாஷையில் "எக்ஸ்போசித்துஸ்" என்றால் வெளியே வைக்கப்பட்டவன் என்று அர்த்தம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் "போட்டுவிட்டுப் போன பிள்ளை" என்பதாகும். பாட்டன் தச்சுவேலை செய்தால் அதைக் கொண்டு பேரனுக்குப் பெயர் வருவதுண்டு. ஊரைக் கொண்டு வருவதுண்டு. தலைமயிரின் நிறத்தைக் கொண்டுகூட வருவதுண்டு. ஆனால், பெற்றவள் இவனை வெளியே போட்டாள் என்கின்ற சங்கதியையே பெயராக்கி, அதை அவன் பிள்ளைக்கும், பிள்ளையின் பிள்ளைக்கும் ஆஸ்தியைப் போல் எழுதி வைப்பது அபூர்வமல்லவா? அபூர்வம் என்பதெல்லாம் அர்த்தத்தில்தான். எண்ணிக்கையில் பார்த்தால் இன்றைக்கும் நேப்பிள்ஸில் மற்ற எந்தக் குடும்பப் பெயரையும்விட அதிகமாக வழங்குவது இந்தப் பெயரே!

இவ்வளவு எஸ்போசிட்டோக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்றால், ஒரு சுவரின் துவாரத்திலிருந்து வந்தார்கள். அந்தப் பட்டணத்தில் "அன்னுன்சியாத்தா" என்று ஒரு மாதா கோயிலும் அதைச் சேர்ந்த அநாதைப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியும் இருந்தன. அதன் தெருச் சுவரில் ஒரு துவாரம்; அதற்குள் சுழலுகின்ற மர உருளை. இருட்டு நேரத்தில் ஒருத்தி வந்து பிள்ளையை அதில் வைத்துத் தள்ளினால் பிள்ளை உள்ளே போய்விடும். வைத்தவளின் முகம் உள்ளே இருப்பவளுக்குத் தெரியாது. பிள்ளையின் கழுத்தில் மாதா உருவம் பொறித்த ஈயவில்லை ஒன்றைக் கட்டுவார்கள். ரிஜிஸ்தரில் நாளும் நேரமும் உடுத்திருந்த கந்தலும் எழுதப்படும். கூடவே எஸ்போசிட்டோ என்ற பெயரும் எழுதப்படும். சில தாய்மார்கள் ஒரு வில்லையை இரண்டாக உடைத்து ஒரு பாதியைப் பிள்ளையோடு வைத்து, மறுபாதியைத் தாங்கள் வைத்துக்கொள்வார்களாம். என்றைக்காவது அதைக் காட்டிப் பிள்ளையை மீட்கலாம் என்கின்ற ஆசைதான். அப்படிப்பட்ட பாதி வில்லைகள் பிளாரென்ஸ் நகரத்துப் பழைய அநாதை விடுதியின் காட்சிசாலையில் இன்றும் இருக்கின்றன. மறுபாதியோடு ஒருவரும் வராததால்தான் அவை அங்கே இருக்கின்றன.

"அன்னுன்சியாத்தா" என்பது என்ன தெரியுமா? தேவதூதன் மரியாளிடம் வந்து, நீ கர்ப்பவதியாவாய் என்று சொன்ன சேதிதான் அது. அதாவது, கல்யாணம் முடிவதற்கு முன் ஒரு பெண் கர்ப்பமான சேதிக்குக் கோயில், மார்ச் 25-இல் திருநாள், மெழுகுவர்த்தி, பாட்டு எல்லாம்! அதே நிலைமையில் அகப்பட்டுக்கொண்ட ஏழைப் பெண்ணுக்கு அதே கோயிலின் சுவரில் ஓர் ஓட்டை! இதைப் படிக்கும் நம் வைதிகர்கள் சிரிக்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன் பெற்ற பிள்ளையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட குந்தி தேவியைத் தினமும் காலையில் நினைக்க வேண்டிய ஐந்து கன்னியரில் ஒருத்தியாக்கிவிட்டு, அந்தப் பிள்ளையைச் சாகும் வரை தேரோட்டி மகன் என்று ஏசவைத்த புராணம் எவருடையது?

இது நேப்பிள்ஸோடு நின்ற வழக்கமுமல்ல. ரோமாபுரியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு "புரொயெட்டி", அதாவது எறியப்பட்டவர் என்று பெயர். மிலானில் ஆஸ்பத்திரியின் சின்னம் புறாவானதால் புறா என்று அர்த்தமுள்ள "கொலம்போ". பிளாரென்ஸில் "இன்னொசெந்தி", குற்றமற்றவர் என்று அர்த்தம். கேட்பதற்கு இது நன்றாகத்தான் இருக்கின்றது. ஆனால் பிறந்து ஒரு நாள் ஆன சிசுவைக் குற்றமற்றது என்று தனியாகப் பெயரிட்டுச் சொல்ல வேண்டியிருந்தால், மற்றபடி அதன்மேல் எவனோ குற்றம் சாட்டிக்கொண்டிருந்தான் என்றுதானே ஏற்படுகின்றது?

நிற்க, இந்தப் பெயரில் தாயின் செயல் இருக்கின்றது. பிள்ளையின் கதி இருக்கின்றது. தகப்பன் எங்கே? அவனுக்கு ஏன் ஒரு பட்டமும் இல்லை? "கைவிட்டவன்" என்று அந்த இத்தாலி தேசத்தில் எந்த ஆண்மகனுக்காவது குடும்பப் பெயர் சூட்டினார்களா? சூட்டவில்லை என்பது மட்டுமல்ல, அவனை யார் என்று தேடவும் கூடாது என்று சட்டமே போட்டு வைத்தார்கள். நெப்போலியன் 1804-இல் கொண்டுவந்த சிவில் சட்டத்தின் 340-ஆவது பிரிவு, தகப்பன் இன்னான் என்று விசாரிப்பதைத் தடை செய்தது. அதே நெப்போலியன் 1811-இல், ஒவ்வொரு ஜில்லாப் பிரிவிலும் பிள்ளைகளைப் போடுவதற்கு இந்தச் சுழல் உருளையை வைக்கும்படி உத்தரவிட்டான். ஒரு கையால் ஆண் தப்பியோட வழி. மறு கையால் பெண் பிள்ளையைப் போட வழி! இத்தாலி ஒரே ராஜ்யமானபின் 1865-இல் எழுதிய சட்டமும் தகப்பனைத் தேடாதே என்றே சொல்லிற்று. கல்யாணமாகாத பெண் கர்ப்பமானால் அவளைத் துப்பறிந்து பிள்ளையைப் பிடுங்கி ஆஸ்பத்திரியில் சேர்க்கப் பாதிரியும் மருத்துவச்சியும் இருந்தார்கள். அவளைக் கெடுத்தவனைப் பற்றி மூச்சுவிட ஒருவருமில்லை. கல்யாணமாகியும் கஞ்சிக்கில்லாமல் போட்டவர்களும் அநேகர். ஆனால் பெயர் எல்லாருக்கும் ஒன்றுதான்.

"மதம் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியதே, அந்த நன்றி வேண்டாமா?" என்று பாதிரிமார்கள் கேட்பார்கள். பால் கொடுக்கச் செவிலியர் போதாமல், ஒரே தாயிடம் பல சிசுக்களை விட்டு, இம்மாதிரி விடுதிகளில் சேர்ந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஓராண்டு நிறையுமுன் செத்துப்போன வருஷங்கள் எத்தனையோ உண்டு. பிழைத்த பிள்ளைக்குச் சோறு போட்டார்கள் என்பது உண்மைதான். சோறு போடுவதற்கும் சூடு போடுவதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் கேட்கின்றோம்.

இந்த அநியாயம் நேப்பிள்ஸை 1808 முதல் 1815 வரை ஆண்ட முராத் என்கின்ற பட்டாளத்துக்காரனுக்குக்கூடப் பட்டது. இனிப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை வைக்கக்கூடாது என்று அவன் தடுத்தான். ஆனால் ஏற்கெனவே பெற்றவர்களிடமிருந்து அது வம்சம் வம்சமாக இறங்கிவிட்டது. நேப்பிள்ஸ் உருளை 1875-இல் மூடப்பட்டது; தேசம் முழுவதும் 1923-இல் ஒழிந்தது. ஸ்பெயினிலும் இதே பெயர் "எக்ஸ்போசிதோ" என்று வழங்கிற்று. அங்கே அரசன் 1794-இல் இந்தப் பிள்ளைகளைச் சட்டப்படியான பிரஜைகளாகவே நடத்த வேண்டும் என்று கட்டளையிட்டான். இத்தாலியின் 2000-ஆம் வருஷத்துச் சட்டமோ, பெற்றோர் தெரியாத பிள்ளைக்கு அதைக் காட்டிக்கொடுக்கும்படியான பெயரை வைக்கவே கூடாது என்கின்றது. இவ்வளவு சட்டமும் எதற்காக? பெயரில் இழிவு இல்லாவிட்டால் இதெல்லாம் அவசியமா என்பதைக் கூட்டத்தில் கேட்ட கனவான் யோசிக்கட்டும்.

அவர் இன்னொன்றும் கேட்கலாம். இன்று எஸ்போசிட்டோக்களில் தத்துவ ஆசிரியர் இருக்கின்றார், கனடாவில் பெயர்பெற்ற ஹாக்கி ஆட்டக்காரர் இருக்கின்றார், யாரும் கேலி செய்வதில்லையே என்பார். வாஸ்தவம். உருளையை மூடினார்கள், பிறகு சூடு ஆறிற்று. இன்றைக்கு எஸ்போசிட்டோ என்று கேட்டவுடன் பெண் கொடுக்கலாமா, கூடாதா என்று நேப்பிள்ஸில் எவனும் கணக்குப் போடுவதில்லை. நம் பட்டங்கள் அப்படியா? நம் பட்டத்தைக் கேட்பதே அந்தக் கணக்குக்காகத்தானே! இங்கே உருளை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு பட்டங்களை விட்டுவிடச் சொன்னதும் இதனால்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு தாயார் நம்மிடம் வந்தார். கல்யாணமாகாமல் பெற்ற பெண் குழந்தை. பிறப்புச் சான்றிதழுக்குப் போன இடத்தில், "தகப்பன் பெயர் இல்லாமல் எழுத முடியாதம்மா" என்று குமாஸ்தா மூன்று முறை திருப்பி அனுப்பினாராம். மூன்றாவது முறை, பக்கத்தில் நின்றவர்கள் கேட்கும்படி உரக்கச் சொன்னாராம். 2015-ஆம் வருஷம் ஜூலையிலேயே சுப்ரீம் கோர்ட், தாய் தனியாக வந்து கேட்டால் ஒரு பிரமாண வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுக்க வேண்டும், தகப்பன் பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது. அந்தத் தீர்ப்பின் நகல் ஒன்றை எடுத்து வைத்திருக்கின்றோம். வருகின்ற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அந்த அம்மாளோடு நாமும் இரண்டு தோழர்களும் அந்த ஆபீசுக்குப் போகின்றோம்.