1200 வாட்ஸும் அம்மாவின் தலைவலியும்

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் சூடாத்தான் எழுதப் போறேன். காரணம் என் மச்சினன். போன வாரம் போன் பண்ணி, "அத்தான், ஆம்பிளிஃபயர் பாத்துட்டேன், 1200 வாட்ஸ்! ஸ்பீக்கர் அப்புறமா ஏதாவது பாத்துக்கிடலாம்"ங்கான். "ஏ மாப்ள, பந்தலப் போட்டுட்டு அப்புறமா பொண்ணு தேடுவியா?"ன்னு கேட்டேன். கோவிச்சுக்கிட்டு வச்சுட்டான்.

அவனைத் திட்ட எனக்குத் தகுதி உண்டு. ஏன்னா அதே குழியில முதல்ல விழுந்தவன் நான்.

திருநெல்வேலியில ஒரு கடை. ஹெலிகாப்டர் பறக்கிற சீனைப் போட்டுக் காட்டினாங்க. தரை அதிர்ந்துச்சு, நானும் அதிர்ந்தேன், கார்டைத் தேச்சுட்டேன். ஆழ்வார்திருநகரி வீட்டுப் பட்டாசாலையில பெட்டிய இறக்கி, அம்மாவுக்குப் பிடிச்ச காருகுறிச்சி அருணாசலம் நாயனத்தைப் போட்டேன். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்துல எஸ்.ஜானகி குரலோட இழையுமே, அந்தப் பாட்டு. நாயனம் தகரத்தை உரசுற மாதிரி வருது. ஜானகி அடுத்த தெருவுல நின்னு பாடுறாங்க. ரெண்டு நிமிஷம் பொறுத்துப் பாத்துட்டு அம்மா சொன்னா: "வேண்டாம்யா, தலைய வலிக்கி. அந்தப் பழைய பெட்டிய எங்க வச்சே?"

பழைய பெட்டின்னா ஒத்த ஸ்பீக்கர் டேப்ரிக்கார்டர். அத நான் காயலாங் கடையில போட்டு ஒரு மாசம் ஆயிருந்தது.

அன்னிக்குத்தான் புதுப் பெட்டிய முதுகு பக்கம் திருப்பிப் பாத்தேன். முன்னால பளபளன்னு 1200 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. பின்னால பொடி எழுத்துல, மின்சாரம் எடுக்கிறது 60 வாட்ஸ்! அறுபது வாங்கி ஆயிரத்து இருநூறு தொடர்ந்து குடுக்கிற மிஷின் உண்மையிலேயே இருந்தா தூத்துக்குடி அனல் மின் நிலையத்தை இழுத்து மூடிரலாமே. பி.எம்.பி.ஓ.வுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட அளவுமுறைன்னு எதுவும் கிடையாது. ஆர்.எம்.எஸ். எவ்வளவு, எத்தனை ஓம்ஸ்ல, ரெண்டு சேனலும் ஓடும்போதா? இத மட்டும் கேளுங்க. கடைக்காரர் முகம் மாறும்.

அடுத்தது, ஸ்பீக்கரோட சென்சிடிவிட்டி. 1 வாட் குடுத்தா 1 மீட்டர் தூரத்துல எத்தனை டெசிபெல் சத்தம்ங்கிற கணக்கு. 50 வாட்ஸ் ஆம்பை மாத்தி 100 வாட்ஸ் வாங்கினா கூடுறது வெறும் 3 டெசிபெல். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாத் தோணணும்னா சுமாரா 10 மடங்கு பவர் வேணும். 90 டெசிபெல் ஸ்பீக்கரை 25 வாட்ஸ்ல ஓட்டினாலும், 87 டெசிபெல் ஸ்பீக்கரை 50 வாட்ஸ்ல ஓட்டினாலும் சத்தம் ஒண்ணுதான். அதனாலதான் சொல்றேன், 30,000 ரூபா இருந்தா 20,000 ஸ்பீக்கருக்குப் போகட்டும். (அதுக்காக ரொம்பச் சின்ன ஆம்பை வாங்கி முழுசாத் திருகாதீங்க. கிளிப் ஆகி முதல்ல சாகிறது ட்வீட்டர்தான்.)

தங்கக் காது அண்ணாச்சிகளுக்கும் ஒரு வார்த்தை. மீட்டர் ஆயிரக்கணக்குல விக்கிற ஸ்பீக்கர் கேபிள் எல்லாம் சும்மா. 10, 15 அடி தூரத்துக்கு எலக்ட்ரிகல் கடை 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். அந்தக் காசுல கனமான திரைச்சீலை வாங்குங்க. நம்ம வீடுகள்ல டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், மொட்டையான ரூம். நடுவுல நின்னு கையைத் தட்டுங்க, திரும்பி 'ணங்'குன்னு வருதா? எந்த ஆம்பும் அதைச் சரி பண்ணாது. எங்க ஊர் ஆதிநாதர் கோயில்ல கல்லுலேயே ஒரு நாதஸ்வரம் இருக்கு. கல்லுக்கு நடுவுல அது சரி, கல்லு வீட்டுக்குள்ள ட்வீட்டர் சரிப்படாது.

கடைசியில நான் ஒரு ஜோடி புத்தக அலமாரி சைஸ் ஸ்பீக்கரும், 30 வாட்ஸ் ஸ்டீரியோ ஆம்பும் வாங்கினேன். சுவரை விட்டு ஒண்ணரை அடி தள்ளி, அம்மா உக்காருற நாற்காலியோட முக்கோணமா வச்சேன். காருகுறிச்சி மறுபடி வந்தார். அம்மா ஒண்ணும் சொல்லல. பாட்டு முடிஞ்சதும், "இன்னொரு வாட்டி போடு"ன்னா.

மச்சினன் இன்னும் போன் எடுக்கல. ஞாயித்துக்கிழமை கடைக்குப் போறானாம், தங்கச்சி சொன்னா. காருகுறிச்சி சிடியோட நானும் போறேன்.