கத்தியின் கூர்மையும் வணக்கமே

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டார ஆலைகளில் பணிபுரியும் நம் சகோதரர்கள், ஓர் உதிரிபாகம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் அதை ஒதுக்கித் தள்ளுகிறார்கள். ஆனால் துல்ஹஜ் பிறை 10 அன்று நம்மில் பலர் கொண்டுவரும் கத்தி எத்தகையது? முந்தைய நாள் மாலை பளபளப்பைப் பார்த்து வாங்கியது; அல்லது ஓராண்டு முழுதும் அடுப்படியில் தேய்ந்தது. "பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டால் எந்தக் கத்தியானால் என்ன?" என்ற பேச்சும் உடன் வருகிறது. அப்பேச்சை நாம் மறுக்கிறோம்.

மிஃராள் எனும் இறகில்லா அம்பால் வேட்டையாடுவது குறித்து அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் வினவினார்கள். கூர்முனை பாய்ந்து இறந்ததை உண்ணலாம் என்றும், அம்பின் பக்கவாட்டு மோதி இறந்தது அடிபட்டுச் செத்ததற்குச் சமம், அதை உண்ணலாகாது என்றும் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. அடிபட்டுச் செத்ததை அல்லாஹ் தடுத்திருப்பதை அல்மாயிதா 5:3இல் காணலாம். எய்தவர் ஒருவரே, அம்பும் ஒன்றே. ஹலாலையும் ஹராமையும் பிரித்தது கூர்மைதான்.

மான் வேட்டை நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வில்வேட்டைக்கு அனுமதியுள்ள அமெரிக்காவில், பட்ட இடத்தில் விரியும் அலகு சில வேளை விரியாமல் போகக்கூடும் என்பதால், அசையாத உறுதியான அலகு கொண்ட அம்புமுனையையே தேர்ந்தெடுக்கும் வேட்டைக்காரர் பலர். நமக்கோ அந்த நபிமொழியின் பாடம் குர்பானிக் கத்தியில் வந்து நிற்கிறது.

கூர்மையான கல்லாலும் அறுக்கலாமே என்று சிலர் வாதிடுவர். ராஃபிஉ பின் கதீஜ் (ரலி) அவர்கள் கேட்டது, கையில் கத்தி இல்லாத நிலையைப் பற்றியாகும். அப்போதும் இரத்தத்தை ஓடச் செய்வதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீங்கவில்லை. தெருவுக்கொரு கடை இருக்கும் நமக்கு அச்சலுகை எவ்வாறு சாக்காகும்? அறுக்கும்போது அழகிய முறையில் அறுக்கவும், கத்தியைத் தீட்டிக்கொள்ளவும், பிராணிக்கு நிம்மதியளிக்கவும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

எனவே கத்தியை அறிந்து வாங்குவோம். மடக்குக் கத்தி வேண்டாம். அதன் கீல் தளரும், இரத்தமும் கொழுப்பும் உள்ளே தங்கும். அலகும் பிடிக்குள் செல்லும் பகுதியும் ஒரே தகடாக இருக்கட்டும். அலகின் நீளம் பிராணியின் கழுத்து அகலத்தைப்போல் இருமடங்கேனும் வேண்டும். லாரிப் பட்டையை அடித்து முறையாகப் பதமேற்றிய கொல்லர் கத்தி, மலிவான மெல்லிய எவர்சில்வர் கத்தியைவிட நெடுநேரம் கூர் தாங்கும். சாணை பிடிக்கையில் சூடேறி விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் இறங்கிவிட்டது என்பதை ஆலைத் தொழிலாளருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அறுக்கும் கத்தியால் எலும்பு வெட்டலாகாது. அதற்கு வேறு கத்தி வைப்போம். நகத்தின் மீது விளிம்பை மெல்ல ஓட்டினால் பல்விழுந்த இடம் தட்டுப்படும். அதைச் சரிசெய்யாமல் கழுத்தில் வைக்கக் கூடாது. தீட்டுவதையும் பிராணியின் கண்முன் செய்யாமல் முன்கூட்டியே முடித்துவிடுவோம்.

ஆட்டுக்குப் பல்லாயிரம் ரூபாய் கொடுக்கும் நாம், கத்திக்குச் சில நூறு ரூபாய் கொடுக்கத் தயங்குவது சிக்கனமன்று, அலட்சியம். அந்த அலட்சியத்தின் விலையை வாயில்லா உயிர் செலுத்துகிறது. தனியே வாங்க இயலாதோர் இருந்தால், ஒவ்வொரு ஜமாஅத்தும் நல்ல கத்திகள் சிலவற்றை வாங்கிப் பள்ளிவாசலில் பொதுவில் வைக்கலாம். பிறை பார்த்த அன்றே சாணை பிடித்துவிடலாம்.

நம் குர்பானியை அழகிய முறையில் நிறைவேற்ற வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.