ஏட்டில் இருக்கிறது, தேடினால் இல்லை

சில மாதங்களுக்கு முன் புத்தளத்திலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவர் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்த் தீவிலிருந்து கடல்வழியே சென்ற குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. அவரது தகப்பனார் மீன்பிடிக் கூட்டுறவுச் சங்கமொன்றின் தலைவராக இருந்ததைப் பற்றி எண்பதுகளில் ஒரு பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. வீட்டில் வைத்திருந்த நறுக்கு வீட்டோடு போயிற்று. "அந்தப் பேப்பர் எல்லாம் இப்ப கொம்பியூட்டரில இருக்கெண்டு சொல்றாங்கள் அண்ணன், ஒருக்காத் தேடிப் பாருங்களேன்" என்றார்.

மன்னார்ச் செய்திகள் வந்த பழைய பத்திரிகைப் பக்கங்களைச் சிறு தன்னார்வக் குழுவொன்று மின்வடிவில் சேகரித்து வருகிறது. அதன் தேடற்பெட்டியில் எருக்கலம்பிட்டி என்று இட்டேன். 'முடிவுகள் எவையுமில்லை' என்று விடை வந்தது. பின்னர் திகதி வரிசையில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். பத்தாவது பக்கத்திலேயே 'இடம்: எருக்கலம்பிட்டி' என்று திரையில் தெளிவாக எழுதியிருந்தது! கண்ணுக்குத் தெரிகிற ஒன்று தேடுபவனுக்கு இல்லாமற் போவது எப்படி?

அக்குழுவின் இளைஞர் ஒருவருடன் சில மாலைகள் அமர்ந்து இதன் காரணத்தைக் கற்றுக்கொண்டேன். இது பொறியியலாளரின் சிக்கல் மட்டுமன்று, பத்திரிகைக்காரனின் சிக்கலும் ஆகும் என்பதாலேயே இதனை இங்கே எழுதுகிறேன்.

அச்சேகரத்தின் தேடலை இயக்குவது லூசீன் என்னும் கட்டற்ற மென்பொருள் நூலகம். 1999 இல் டக் கட்டிங் என்பவர் உருவாக்கியது. சோலர், எலாஸ்டிக்சர்ச் ஆகிய புகழ்பெற்ற தேடற் சேவையகங்களும் இதன்மேற் கட்டப்பட்டவையே. லூசீனில் ஓர் ஆவணம் என்பது தலைப்பு, திகதி, இடம், உள்ளடக்கம் எனப் பல புலங்களின் தொகுப்பு. ஒவ்வொரு புலத்துக்கும் இரண்டு கேள்விகள் தனித்தனியே கேட்கப்படுகின்றன. அதனை அப்படியே சேமித்து வைப்பதா? அதிலுள்ள சொற்களைச் சொல்லடைவில் ஏற்றுவதா? ஒரு கேள்விக்கு ஆம் என்பதால் மற்றதற்கும் ஆம் என்றாகிவிடாது. சேமித்துவிட்டு அடைவில் ஏற்றாத புலம் திரையில் தோன்றும், தேடலில் அகப்படாது. அடைவில் ஏற்றிவிட்டுச் சேமிக்காத புலம் தேடலில் அகப்படும், ஆனால் அதன் வாசகத்தைக் காட்டமுடியாது.

எங்கள் 'இடம்' முதல் வகையைச் சேர்ந்தது. திரையில் காட்டினாற் போதும் என்று எவரோ எண்ணியிருக்கிறார். புலத்தை அடைவிலும் ஏற்றும்படி திருத்தினோம். பழைய பக்கங்கள் அப்போதும் அகப்படவில்லை. திருத்தம் இனிமேல் ஏற்றப்படும் ஆவணங்களுக்கே பொருந்தும். ஏற்கெனவே ஏறியவற்றை மீண்டும் ஏற்றவேண்டும்.

புதிதாக ஏற்றியவற்றிலும் ஒரு குறை இருந்தது. ஸ்ட்ரிங்ஃபீல்ட் என்ற வகையைத் தேர்ந்திருந்தார்கள். அது 'மன்னார், எருக்கலம்பிட்டி' என்ற முழுத் தொடரையும் பிரிக்காமல் ஒரே சொல்லாக அடைவில் வைக்கும். காற்புள்ளியும் இடைவெளியும் பிசகாமல் முழுவதையும் தந்தால்தான் கிடைக்கும். சொற்களாகப் பிரித்து ஏற்றுவது டெக்ஸ்ட்ஃபீல்ட். இக்குறையைக் கண்டுபிடிக்க உதவியது லூக் என்னும் கருவி. 2019 முதல் லூசீனுடனேயே வருகிறது. அடைவைத் திறந்து, எந்தப் புலத்தில் எந்தச் சொற்கள் உண்மையில் ஏறியுள்ளன என்று காட்டும். புலத்தின் கீழ் ஒரு சொல்லும் இல்லையெனில் அது அடைவில் ஏறவில்லை. நீண்ட ஒரே தொடர் இருந்தால் பிரிக்கப்படவில்லை. ஊகித்துக்கொண்டிராமல் முதலில் இதைத் திறந்து பார்ப்பதே முறை.

அடுத்து நேர்ந்ததுதான் பெரும் பிழை. பழைய ஆவணங்களை மீண்டும் ஏற்றுவதற்கு, அவற்றை அடைவிலிருந்தே எடுத்துத் திருத்தி, திரும்பவும் உள்ளே இட்டார்கள். லூசீனில் இவ்வாறு திருத்துவது என்பது பழையதை நீக்கிப் புதியதைச் சேர்ப்பதே. அடைவிலிருந்து எடுக்கும்போது சேமிக்கப்பட்ட புலங்கள் மட்டுமே கைக்கு வரும். செய்தியின் முழு உள்ளடக்கமோ, இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, அடைவில் ஏற்றப்பட்டும் சேமிக்கப்படாமலும் இருந்தது. ஆகவே 'இடம்' சரியானபோது உள்ளடக்கம் முழுவதும் ஓசையின்றி மறைந்தது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. பக்கங்களின் எண்ணிக்கையும் குறையவில்லை.

நல்லவேளையாக மூலப் படிமங்கள் வேறிடத்தில் இருந்தன. எழுத்துணரி கொண்டு எல்லாப் பக்கங்களையும் மீண்டும் வாசிக்கச் செய்ய வாரங்கள் பிடித்தன. அடைவு மூலம் ஆகாது. மூலம் எப்போதும் வெளியே, தனியே இருக்கவேண்டும். எலாஸ்டிக்சர்ச் இயல்பாகவே மூல ஆவணத்தின் பிரதியொன்றைத் தன்னுள் வைத்துக்கொள்வது இத்தகைய இடர்களுக்கு உதவும். ஆனால் அதுவும் தனிக்காப்புக்கு ஈடாகாது.

தமிழுக்கே உரிய தடைகளும் உள்ளன. யூனிகோடுக்கு முன் இலங்கையில் பெரிதும் வழங்கியது பாமினி எழுத்துரு. அதில் தட்டச்சான கோப்பு திரையில் அழகிய தமிழாகத் தோன்றினாலும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியல். மாற்றாமல் ஏற்றினால் அந்தக் குவியலே அடைவில் ஏறும். யூனிகோடிலும் 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடில்லை, கணினிக்கு உண்டு. ஏற்றும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணர்ந்தாக வேண்டும். இனி, வேற்றுமை உருபுகள். மன்னார் என்று தேடுபவருக்கு மன்னாரில், மன்னாருக்கு, மன்னாரின் என்பனவும் கிடைக்கவேண்டுமாயின், பகுப்பானுக்குத் தமிழ் தெரிந்திருக்கவேண்டும்.

ஊர்ப்பெயர்களோ இன்னொரு உலகம். மாந்தை என்பதும் மாதோட்டம் என்பதும் ஒரே பழந்துறை. திருக்கேதீச்சரம் என்று ஒரு பத்திரிகை எழுதும், திருக்கேதீஸ்வரம் என்று மற்றது எழுதும். இவற்றை ஒன்றென அறிவிக்கும் ஒப்புச்சொற் பட்டியலை லூசீன் ஏற்கும். அப்பட்டியலை எழுதித் தரவேண்டியவர்கள் ஊர் அறிந்தவர்கள்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்லவேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததைப் பார்த்த தலைமுறை நாங்கள். சேமிப்பு என்ற சொல்லே எங்களுக்குப் பெரிது. 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் மின்னூலகம் முதலான முயற்சிகள் அந்த வேட்கையிற் பிறந்தவை, போற்றத்தக்கவை. ஆயினும் மின்வடிவாக்கும் குழுக்கள் பலவும் இத்தனை ஆயிரம் பக்கங்கள் ஏற்றினோம் என்றே கணக்குச் சொல்கின்றன. அவற்றுள் எத்தனை பக்கங்கள் தேடினால் அகப்படும் என்று ஒருவரும் கேட்பதில்லை. எரிந்துபோன ஏட்டை இழந்தோம் என்றாவது அறிவோம். அகப்படாத ஏட்டை அப்படியொன்று இருந்ததே இல்லை என்று எண்ணிவிடுகிறோம். 'முடிவுகள் எவையுமில்லை' என்ற விடையை நம்பி, அப்படியொரு செய்தி வந்ததில்லை என்று ஓர் ஆய்வாளர் எழுதிவிட்டால் அந்தத் தவற்றை யார் திருத்துவது? ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களுக்கு, அங்கே வாழ்ந்ததற்கு எஞ்சியுள்ள சாட்சிகளில் பத்திரிகைச் செய்தியும் ஒன்று.

எந்தப் புலத்தைச் சேமிப்பது, எதை அடைவில் ஏற்றுவது என்ற முடிவை நிரல் எழுதுபவரிடம் மட்டும் விட்டுவிடக்கூடாது. ஆசிரியரும் நூலகரும் ஊர்ப் பெரியவரும் உடனிருந்து தீர்மானிக்க வேண்டியது அது. எத்தனை பக்கங்கள் என்று அறிவிப்பதற்கு முன்பு, பேசாலையிலோ தாராபுரத்திலோ ஒரு முதியவரைக் கணினியின் முன் அமர்த்தி, அவர் சொல்லும் பத்துச் சொற்களைத் தேடிப் பாருங்கள். அகப்படாதவற்றை எழுதிவைத்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் காணுங்கள்.

நண்பரின் தகப்பனார் பற்றிய செய்தி இறுதியில் கிடைத்தது. பதினொரு வரிகள்தான். அவற்றில் ஊரின் பெயர் 'எருக்கலம்பிட்டியில்' என்றும் 'எருக்கலம்பிட்டியைச்' என்றும் வந்திருந்ததேயன்றி, நான் முதலில் தேடிய வடிவில் ஓரிடத்திலும் இல்லை.