வட்டுக்கோட்டைக்கு வழி எது?

"பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்கிறான்" என்பது தமிழகத்துப் பழமொழி. யாழ்ப்பாணத்தார் வாயில் அந்தப் பட்டுக்கோட்டை வட்டுக்கோட்டையாகி விடும். கேட்ட கேள்வி ஒன்று, வந்த பதில் வேறொன்று என்றால் அங்குள்ள பெரியவர்கள் இதைச் சொல்லித்தான் சிரிப்பார்கள்.

வட்டுக்கோட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இன்று கேட்கும் கேள்வி மிக எளிமையானது. "எங்கட பிள்ளைக்கு இஞ்சயே ஒரு வேலை கிடையாதோ?" மேடைகளிலிருந்து அதற்கு வரும் பதில், "பெரிய தொழிற்சாலை வரும், முதலீட்டாளர்கள் வருவார்கள்" என்பதுதான். எப்போது வரும், யார் செலவில் வரும், வந்தால் எத்தனை காலம் நிற்கும் என்று கேட்டால் கொட்டைப்பாக்கின் விலைதான் கிடைக்கும்.

ஊராட்சிப் பணத்தைக் கொண்டு ஊருக்குத் தொழிலை அழைத்து வரும் விடயத்தைக் குடும்பப் பத்திரிகையில் ஏன் பேச வேண்டும் என்று சகோதரிகள் சிலர் நினைக்கலாம். மகன் கடல் கடந்து போவதும், மகள் கட்டுநாயக்கவுக்குப் போய் விடுதி அறையில் நாலைந்து பேரோடு ஒண்டிக்கொண்டு ஆடை தைப்பதும் குடும்பத்தின் கதைதானே! அந்தக் கதையின் ஒரு நுனி பிரதேச சபையின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

படிப்பு இருந்தது, தொழில் இருந்ததா?

வட்டுக்கோட்டை கல்விக்குப் பேர் போன ஊர். 1823ல் அமெரிக்க மிஷனரிமார் அங்கே செமினரியைத் தொடங்கினார்கள். 1857ல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். அதன் வழியில் வந்த யாழ்ப்பாணக் கல்லூரி இன்றும் அவ்வூரில் நடக்கிறது. ஆனால் படித்தவர்களுக்கு உத்தியோகம் இருந்த இடம் சென்னை, கொழும்பு, பின்னர் மலாயா. போர் வந்த பிறகு கனடா, இங்கிலாந்து, பிரான்ஸ் என்று பட்டியல் நீண்டது. ஊர் ஆட்களை வளர்த்து வெளியே அனுப்பியது. ஊரில் மிஞ்சியது நெல் வயலும் தோட்டமும் பனையும் கடலும், சங்கானைச் சந்தையும்.

யாழ்ப்பாணத்தில் பெரிய தொழிற்சாலைகள் இருக்கவே இல்லையா என்றால், இருந்தன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950ல் தொடங்கியது. 1990ல் போரால் மூடப்பட்டது. அச்சுவேலிக் கைத்தொழில் பேட்டை போரில் அழிந்து, இந்திய உதவியோடு புனரமைக்கப்பட்டு 2014ல் மீண்டும் திறக்கப்பட்டது. இவையெல்லாம் மத்திய அரசின் கையால் நடந்தவை. கிராமத்துச் சபையின் பங்கு அவற்றில் பெரிதாக எதுவும் இல்லை.

சபையிடம் இருப்பது யாருடைய பணம்?

வட்டுக்கோட்டை, வலிகாமம் மேற்குப் பிரதேச சபையின் ஆளுகைக்குள் வருகிறது. இச்சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானவை. சட்டம் வந்து முப்பத்தெட்டு ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துப் பிரதேச சபைகளுக்கு மக்கள் வாக்களித்தது 1998, 2011, 2018, 2025 ஆகிய ஆண்டுகளில்தான். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு, 2025 மே 6 தேர்தல் வரை அதிகாரிகளே நிர்வாகம் நடத்தினார்கள். கேட்பதற்கு ஆளில்லாத காலம் எவ்வளவு நீண்டது என்று பாருங்கள்.

சபையின் சொந்த வருமானம் எங்கிருந்து வருகிறது? சோலைவரி, சந்தைக் குத்தகை, கடை வாடகை, வியாபார உரிமக் கட்டணம், காணி கைமாறும்போது வரும் முத்திரைத் தீர்வையில் ஒரு பங்கு, நீதிமன்றத் தண்டப்பணம். ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதி அரசிடமிருந்து வருகிறது. ஆக, சபை தன் விருப்பப்படி செலவழிக்கக்கூடிய ஒவ்வொரு ரூபாயும், காலையில் கத்தரிக்காய்க் கூடையோடு சந்தைக்கு வரும் பெண்ணும் தெருமுனைக் கடைக்காரரும் வீட்டுக்காரரும் கொடுத்த ரூபாய். அது சபையிடம் உள்ள அமானிதம்.

இந்தப் பணத்தைத் தொழில் வளர்ச்சிக்குச் செலவிடச் சட்டம் இடம் கொடுக்கிறதா? கொடுக்கிறது. வேலைவாய்ப்புத் திட்டங்கள், தெரிவு செய்த கிராமங்களின் அபிவிருத்தி, கிராமியப் பெண்களின் முன்னேற்றம் ஆகியவற்றுக்குச் சபை நிதி ஒதுக்கலாம். ஆனால் பெரிய முதலாளிக்கு வருமான வரியில் விலக்களிப்பது மத்திய அரசின் வேலை. முதலீட்டுச் சபை அதற்காகவே இருக்கிறது. பிரதேச சபையால் கொடுக்கக்கூடியது காணி, வீதி, வடிகால், கட்டடம், கட்டணச் சலுகை போன்றவைதான்.

வெளியூர்ப் பாடங்கள்

ஊராட்சிகள் பணம் செலவழித்துத் தொழிலை அழைப்பதில் நீண்ட அனுபவம் உள்ள நாடு அமெரிக்கா. 1936ல் மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. சிறிய நகரங்கள் கடன் பத்திரம் விற்றுத் தொழிற்சாலைக் கட்டடம் கட்டி, வெளியூர் முதலாளியை அழைக்கலாம் என்றது அது. ஊர் மக்கள் வாக்களித்துச் சம்மதித்தால்தான் கடன் வாங்க முடியும். அன்று தொடங்கிய போட்டி இன்றும் ஓயவில்லை. ஒரு ஊர் ஒரு சலுகை கொடுத்தால், பக்கத்து ஊர் இரண்டு கொடுக்கிறது.

அதன் உச்சத்தை 2017ல் விஸ்கொன்சின் மாநிலத்தில் கண்டார்கள். தாய்வானின் பொக்ஸ்கொன் நிறுவனம் மௌண்ட் பிளசன்ட் என்ற ஊரில் 1,000 கோடி டொலர் முதலிட்டு 13,000 பேருக்கு வேலை தருவதாக அறிவித்தது. மாநில அரசு ஏறத்தாழ 300 கோடி டொலர் சலுகை தர இணங்கியது. சின்னஞ்சிறிய ஊராட்சியோ கடன் வாங்கிக் காணிகளை வாங்கியது, வீதி போட்டது, தண்ணீர்க் குழாய் பதித்தது. பல குடும்பங்கள் வீடுகளை விட்டு வெளியேறின. 2021ல் ஒப்பந்தம் மாற்றி எழுதப்பட்டபோது 13,000 வேலை 1,454 ஆகச் சுருங்கியிருந்தது. மாநிலச் சலுகையும் 8 கோடி டொலராகக் குறைந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மாநில அரசின் சலுகையில் பெரும்பகுதி, "வேலை கொடுத்த பிறகே பணம்" என்ற நிபந்தனையோடு இருந்தது. அதனால் அந்தப் பணம் பெரும்பாலும் தப்பியது. ஊராட்சியின் பணம் முன்கூட்டியே மண்ணில் இறங்கிவிட்டது. 2023ல் மைக்ரோசொப்ட் நிறுவனம் வந்து அங்கே காணி வாங்கியதால் ஊர் மூச்சு விட்டது. எல்லா ஊருக்கும் இப்படி ஒரு மைக்ரோசொப்ட் வருமா?

நமக்கு அருகிலேயே பார்ப்போம். தமிழகத்தின் ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் நொக்கியா கைத்தொலைபேசித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அரசு காணியும் வரிச் சலுகையும் கொடுத்தது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் கிராமங்களிலிருந்து வந்து வேலை செய்தார்கள். அவர்கள் உழைப்பில் பல குடும்பங்கள் கடன் அடைத்தன. 2014 நவம்பரில் அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. எட்டே ஆண்டுகள்! சலுகை பெற்ற நிறுவனத்துக்கு உலகெங்கும் வேறு இடங்கள் இருந்தன. வேலை இழந்த பெண்ணுக்கு இருந்தது ஒரே ஊர்.

அதற்காகத் தொழிற்சாலையே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? 1992ல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தென்னிலங்கையின் கிராமங்கள் பலவற்றுக்கு மாதச் சம்பளத்தைக் கொண்டு போனது. போருக்குப் பின் கிளிநொச்சியில் திறக்கப்பட்ட ஆடைத் தொழிற்சாலைகளில், குடும்பத் தலைவனைப் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளைகளும் வேலை செய்தார்கள். மாலையில் தன் வீட்டுக்கே திரும்பக்கூடிய வேலை ஒரு தாய்க்கு எவ்வளவு பெரியது! ஆகவே வருகிறவரை வரவேற்போம். ஆனால் சபையின் பெட்டியைத் திறக்குமுன் கணக்குப் பார்ப்போம்.

ஒரு கோடி ரூபாய்க் கணக்கு

ஒரு பேச்சுக்கு, சபையிடம் ஒரு கோடி ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முதலாளிக்காகக் காணியைத் துப்புரவாக்கி, வீதி போட்டு, மதில் கட்டிக் கொடுக்கிறது. அவர் 50 பேருக்கு வேலை தருகிறார். ஒரு வேலைக்கு இரண்டு இலட்சம் ரூபாய் ஆகிறது. அவர் பத்தாண்டு இருந்தால் நல்ல முதலீடு. இரண்டே ஆண்டில் மூட்டையைக் கட்டினால்? மிஞ்சுவது மதில் மட்டும்.

அதே ஒரு கோடியைச் சந்தையில் போட்டால் என்ன நடக்கும்? மழைக்கு ஒழுகாத கூரை, வெள்ளம் வடியும் வாய்க்கால், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, மின்விளக்கு, மீனுக்கு ஐஸ், வெங்காயத்தைப் பழுதாகாமல் வைக்க ஒரு களஞ்சியம். இவற்றால் பயன் பெறும் வியாபாரிகள் ஏற்கனவே அங்கே இருப்பவர்கள். அவர்கள் எந்த நாட்டுக்கும் மாறிப் போகப் போவதில்லை. விலை விழுந்த நாளில் வெங்காயத்தைக் களஞ்சியத்தில் வைத்துவிட்டு ஒரு மாதம் பொறுக்க முடிந்தால், அந்த விவசாயி வட்டிக்காரனிடம் போகும் ஒரு நடை குறையும். சந்தையில் விற்பனை கூடினால் அதன் குத்தகையும் கூடும். செலவழித்த பணம் சபைக்கே மெல்லத் திரும்பி வரும். 2010ல் உலக வங்கி உதவியோடு வந்த நெல்சிப் திட்டம் வடக்குக் கிழக்கு உள்ளூராட்சிச் சபைகளுக்குச் சந்தை, வீதி, வடிகால் என்று பணம் கொடுத்ததும் இந்த நோக்கில்தான்.

சிறியவர்கள் சேர்ந்தால் பெரியதைச் செய்ய முடியும் என்பதற்கு அந்தப் பகுதியே சாட்சி. வட்டுக்கோட்டைக்கு அண்மையில் உள்ள மூளாயில், 1930களிலேயே ஊர் மக்கள் பங்குப் பணம் போட்டுக் கூட்டுறவு வைத்தியசாலை அமைத்தார்கள். யாழ். நகரின் வீரசிங்கம் மண்டபம் யார் பெயரால் நிற்கிறது? கூட்டுறவு இயக்கத்தை வளர்த்த வீரசிங்கம் அவர்களின் பெயரால். 1952ல் வட்டுக்கோட்டைத் தொகுதி பாராளுமன்றத்துக்கு அனுப்பியதும் அவரைத்தான். அயலூர் முதலாளிக்குக் காத்திராமல் அயலவரோடு கைகோர்த்த மண் அது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தொழிலை அழைப்பது என்றால், முதலில் அழைக்கப்பட வேண்டியவர்கள் விரட்டப்பட்டவர்கள் அல்லவா? 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ். நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். இரும்புக் கடை, நகைக் கடை, தையல், லொறிப் போக்குவரத்து என்று குடாநாட்டின் வியாபாரத்தில் ஊறியிருந்த குடும்பங்கள் அவை. அவர்களோடு வெளியேறியது கடன் கொடுத்து வாங்கும் நம்பிக்கையும், கொழும்புச் சந்தையோடு இருந்த தொடர்பும். திரும்பி வந்தவர்களில் பலருக்குக் கடை அறை, குடியிருக்க வீடு, பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் அலைச்சல். தெரியாத முதலீட்டாளருக்குச் சிவப்புக் கம்பளம் விரிக்கும் ஊராட்சிகள், தெரிந்த வியாபாரிக்கு ஒரு கடைத் திறப்பைக் கொடுக்கத் தயங்கலாமா? போரில் கடையிழந்த தமிழ் வியாபாரிக்கும் இதே கேள்வி பொருந்தும்.

நாம் என்ன செய்யலாம்?

அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை ஒவ்வொரு சபையும் ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்ற வேண்டும். அதற்கு முன்பே உங்கள் வட்டார உறுப்பினரைக் கண்டு பேசுங்கள். மாதர் சங்கம், சந்தை வியாபாரிகள் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் சபை எதன் பெயரிலும் எழுத்தில் கொடுக்கலாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபைகளுக்கும் பொருந்தும். காணி யாருக்குக் குத்தகைக்குப் போனது, எவ்வளவுக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று விண்ணப்பித்துக் கேட்கும் உரிமை இல்லத்தரசிக்கும் உண்டு.

புதிதாக ஒரு தொழிலுக்குச் சபை பணமோ காணியோ கொடுக்கப் போகிறது என்றால் நான்கு கேள்விகள் போதும். எத்தனை வேலை, எத்தனை ஆண்டுக்கு என்பது எழுத்தில் இருக்கிறதா? வேலை கொடுத்த பிறகு சலுகையா, அதற்கு முன்பா? அவர் போய்விட்டால் ஊரில் என்ன மிஞ்சும்? இதே பணத்தை இங்கே ஏற்கனவே உழைப்பவர்களுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்?

இந்த நான்குக்கும் நேரான பதில் வந்தால் மனமார வரவேற்று வாசலைத் திறந்து விடுங்கள். கொட்டைப்பாக்கின் விலை வந்தால், கேள்வியை மறுபடியும் கேளுங்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் கேட்பவர்கள் அல்ல.