மலைநாட்டுச் சுற்றுலா எதற்கு?

விடுமுறையில் நுவரெலியாவுக்கும் அட்டனுக்கும் செல்லும் நம் மாணவர், தேயிலைப் பசுமையைக் கண்டு ‘இயற்கை’ என மகிழ்கின்றனர். அஃது இயற்கையன்று, காட்டை அழித்துக் கோப்பியும், 1867 முதல் தேயிலையும் நட்டு, தமிழ்த் தொழிலாளர் வியர்வையால் உண்டாக்கிய பசுமை.

எஞ்சிய காட்டை ஹோட்டன் சமவெளியில் காணலாம். 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாதிருக்குமாறு தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873இல் அறிவுறுத்தினார். 1988இல் அது தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் உலக மரபுரிமைப் பகுதியுள் அடங்கியது. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு நீரூட்டுவதும் அம்மேட்டுநிலமே.

ஆதலின், மூன்று நாட் பயணத்தில் ஒரு நாளைக் காட்டுக்கும், ஒரு நாளை ஆற்றுக்கும், ஒரு நாளை லயங்களில் வாழும் மக்களுக்கும் ஒதுக்குக. உலக முடிவின் விளிம்பில் நின்று படம் பிடித்து மீள்வது மட்டும் கல்வியாகாது.