ஒழுகுகிற கூரையும் உடைந்த தோண்டியும்

'குடுகுடிய சேதி நோடோ' யார் பாட்டு என்று எங்கள் ஆஸ்டின் டவுன் பசங்களைக் கேட்டால், யோசிக்காமல் "ரகு தீட்சித்" என்பார்கள். பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் புலம்பல்.

ரகு தீட்சித் பிராஜெக்ட் என்கிற பெங்களூர் குழுவின் முதல் ஆல்பம் 2008-ல் வந்தது. இந்தி, கன்னடம், இங்கிலீஷ் கலந்த கதம்பம். அதில் 'குடுகுடிய சேதி நோடோ', 'சோருதிஹுது மனிய மாளிகி' என்ற இரண்டும் ஷிஷுநாள ஷரீஃப் பாடியவை. 1819-ல் பிறந்து 1889-ல் மறைந்தவர். இன்றைய ஹாவேரி மாவட்டத்துக் கிராமத்து முஸ்லிம். குருவோ கோவிந்த பட்டர் என்ற பிராமணர். இரண்டு பக்கத்து ஊர்ப் பெரியவர்களும் முறைத்திருப்பார்கள், சந்தேகமே வேண்டாம்.

நம்ம ஆட்கள் "கன்னடம் புரியாதுங்க" என்பார்கள். புரியும் சார், கொஞ்சம் காது கொடுத்தால் போதும். கண்ணீர் சோர்ந்தது என்கிறோமே, அந்த 'சோர்'தான் சோருதிஹுது. மனி என்பது நம்ம மனை. மாளிகி நம்ம மாளிகை, இங்கே வீட்டின் மேல்தளம். ஆக, வீட்டுக் கூரை ஒழுகுகிறது. நோடு என்றால் பார். நோட்டம் விடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம் :-) குடுகுடி என்பது ஹூக்கா. அதை இழுத்துப் பார் என்கிறார். ஆனால் அதில் நறுக்கிப் போடச் சொல்வது நம்முடைய மோகத்தை.

ஒழுகுகிற வீடும் வீடில்லை, நாம்தான். அறியாமையால் ஒழுகுகிறது. இதைக் கேட்டதும் எனக்குக் கடுவெளிச் சித்தர்தான் ஞாபகம் வந்தார். பத்து மாதம் குயவனைக் கெஞ்சித் தோண்டி வாங்கி வந்து, கூத்தாடியே போட்டு உடைத்தானே ஓர் ஆண்டி, அவன் கதைதான் இது. அங்கே தோண்டி, இங்கே கூரை. சித்தர் பாட்டை ஆத்தா மடியில் கேட்டவனுக்கு ஷரீஃப் அந்நியம் இல்லை. கன்னடத்தில் இவற்றைத் தத்துவப் பதங்கள் என்றே சொல்கிறார்கள்.

"கிட்டாரைப் போட்டு நல்ல பாட்டைக் கெடுத்துட்டான்" என்று ஒரு கோஷ்டி உண்டு. இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. வாய்வழியாக வந்த பாட்டுக்கு எது அசல் மெட்டு? அதைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சேர்த்த சி. அஸ்வத் 2009-ல்தான் மறைந்தார். அவர் மெட்டும் அவர் காலத்து மெட்டுதான். மெட்டு மாறலாம். வார்த்தையும் பேரும் போகக்கூடாது, அவ்வளவுதான் என் கட்சி. ஷரீஃப் இதற்கு முன்னாடியே வழி செய்துவிட்டார். பாட்டின் கடைசியில் 'ஷிஷுநாளாதீச' என்று முத்திரை வைத்துவிடுவார். கடைசி அடியை வெட்டுகிறவர் பாட்டின் பிறந்த ஊரையே வெட்டுகிறார்.

இன்னொரு பெங்களூர்க் குழு, அகம். 2012-ல் வந்த அவர்கள் ஆல்பத்தில் 'ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி' என்று ஒரு பாட்டு. பேரை மட்டும் பார்த்தால் எந்த ஊர்ச் சரக்கோ என்று தோன்றும். கேட்டால், திருவையாற்றில் உட்கார்ந்து தியாகராஜர் தெலுங்கில் பாடிய 'பண்டுரீதி கோலு'. ராகம் ஹம்ஸநாதம், அதனால்தான் அன்னம். ராமனிடம் சேவகன் உத்தியோகம் கேட்கிற பாட்டு அது. வேலை தேடி பெங்களூர் வந்து பொட்டி தட்டுகிற நமக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு ஏது?

ஆஸ்டின் டவுனில் கன்னடமே இல்லாமல் காலம் தள்ளிவிடலாம். பக்கத்து வீடு தமிழ், எதிர்க்கடை தமிழ், நீலசந்திரா பக்கம் நடந்தாலும் தமிழ். அந்தச் சௌகரியத்தில்தான் சிக்கலே. பசங்களுக்குக் கன்னடம் என்பது பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்க வேண்டிய ஒரு பாடமாக நின்றுவிடுகிறது. 1991-லும் 2016-லும் காவிரிக்காக ஊர் எரிந்தபோது கதவைச் சாத்திக்கொண்ட தமிழ் வீடுகள் இங்கே எத்தனையோ. ஷரீஃபைத் தெரிந்தால் கலவரம் வராது என்று ஜல்லியடிக்க மாட்டேன். ஆனால் கூட வேலை செய்யும் தார்வாட்காரரிடம் "ஒழுகுற வீடு பாட்டு ஷரீஃபோடதுதானே?" என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை இங்கிலீஷில் பேசியவர் அப்புறம் இங்கிலீஷில் பேச மாட்டார். எனக்கு நடந்தது. அடுத்த வாரம் அவர் வீட்டு ஜோளரொட்டி வேறு வந்தது.

பசங்களுக்கு ஆல்பத்தைப் போட்டுக் காட்டிய கையோடு 'சந்த ஷிஷுநாள ஷரீஃபா' படத்தையும் காட்டுங்கள். 1990, நாகாபரணா இயக்கம், இசை அஸ்வத். ஷரீஃபாக ஸ்ரீதர், கோவிந்த பட்டராக நம்ம கிரீஷ் கார்னாட். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். முடிந்ததும் ஆண்டியும் தோண்டியும் பாட்டை நீங்களே பாடிக் காட்டலாம். தங்கமணி சிரித்தால் கம்பெனி பொறுப்பல்ல :-)