கணவர் ஓட்டினால் ஓடுகிறது, மனைவி ஓட்டினால் நிற்கிறது!

இங்கிலாந்தில் குடித்தனம் நடத்தும் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். சமையலைப் பற்றியோ, குழந்தை வளர்ப்பைப் பற்றியோ அல்ல. ஒரு மோட்டார் காரைப் பற்றி! அவருடைய கணவர் ஆசைப்பட்டு வாங்கிய பழைய 'எம்.ஜி.பி.' ஸ்போர்ட்ஸ் கார் அது. 1972-ம் வருஷத்தில் செய்தது. கணவர் ஓட்டினால் சமர்த்தாக ஓடுகிறதாம். மனைவி ஓட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் புறப்பட்டால், முக்கால் மணி நேரத்தில் நடுவழியில் நின்றுவிடுகிறதாம். பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடவாதது போல் கிளம்பி விடுகிறதாம்.

இரண்டு முறை ரிப்பேருக்கு விட்டாயிற்று. முதல் முறை காயிலை மாற்றினார்கள். அடுத்த முறை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். பணம் செலவானதுதான் மிச்சம். "வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. உனக்குக் கிளட்சை விடத் தெரியவில்லை" என்கிறாராம் கணவர். "காரை விற்றால்கூட எனக்குக் கவலையில்லை. நான் இல்லாததைச் சொல்கிறேன் என்று நினைக்கிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை" என்று அந்த அம்மாள் முடித்திருக்கிறார்.

அம்மா, நீங்கள் சொல்வது முழுக்க முழுக்க நடக்கக் கூடியதுதான். இது முறைக் காய்ச்சல் மாதிரி. ராத்திரி உடம்பு அனலாகக் கொதிக்கிறது. காலையில் டாக்டரிடம் போனால் தெர்மாமீட்டர் சாதாரணச் சூட்டைக் காட்டுகிறது. அதனால் ஜுரமே வரவில்லை என்று சொல்லலாமா? கெட்டிக்கார டாக்டர் பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு, எப்போது வந்தது, குளிர் இருந்ததா, எத்தனை நேரம் அடித்தது என்று கேட்பார். கார் நின்றபோது உள்ளே உட்கார்ந்திருந்தவர் நீங்கள். மெக்கானிக்கும் இல்லை, உங்கள் கணவரும் இல்லை. வைத்தியத்துக்கு வேண்டிய சாட்சி நீங்கள் ஒருவர்தான்.

மற்ற வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. எம்.ஜி.பி. என்பது 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் செய்யப்பட்ட கார். அதன் 1798 சி.சி. இஞ்சின் நமக்கு அந்நியமல்ல. 2014 வரை நம் நாட்டில் செய்யப்பட்ட அம்பாஸடரில் பல காலம் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சினும் அதே 'பி' வரிசையைச் சேர்ந்ததுதான். ஆகவே, வீட்டில் பழைய அம்பாஸடரைப் போற்றி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பயன்படும்.

இந்தக் காலத்துக் கார்களில் ஒரு கம்ப்யூட்டர் இருந்து கோளாறுகளைக் குறித்து வைத்துக்கொள்கிறது. 1972-ம் வருஷத்து வண்டிக்கு அந்த வசதி கிடையாது. அந்த வேலையை உங்கள் கைப்பையில் இருக்கும் சின்ன நோட்டும் பென்ஸிலும் செய்ய வேண்டும்.

ஓடுகிற இஞ்சின் நிற்பதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான். ஒன்று, பெட்ரோல் வரவில்லை. அல்லது, கரண்ட் வரவில்லை. எது என்று கண்டுபிடித்து விட்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி. அதற்கு நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, எப்படி நின்றது? விளக்கை அணைத்தது போல் 'டக்'கென்று நின்றால் கரண்டைச் சந்தேகிக்க வேண்டும். இருமி, முக்கி, முனகி, இழுவை குறைந்து நின்றால் பெட்ரோலைச் சந்தேகிக்க வேண்டும். கார்புரேட்டரில் தங்கியிருக்கும் கொஞ்சம் பெட்ரோல் தீரும்வரை இஞ்சின் தள்ளாடிக்கொண்டே ஓடும். அதனால்தான் இந்த வித்தியாசம்.

இரண்டாவது, இஞ்சினின் சுற்றைக் காட்டும் முள். உங்கள் காரில் இந்த முள், தீப்பொறிக்கான கரண்டைக் கொண்டே வேலை செய்கிறது. கார் இன்னும் கியரில் உருண்டு கொண்டிருக்கும்போதே முள் ஒரேயடியாகப் பூஜ்யத்தில் விழுந்தால், அந்தக் கரண்ட் அறுந்துவிட்டது என்று அர்த்தம். காரின் வேகம் குறையக் குறைய முள்ளும் மெல்ல இறங்கினால் அந்தக் கரண்ட் இருக்கிறது. பெட்ரோல் பக்கம் பாருங்கள்.

மூன்றாவது, பம்பின் சத்தம். எம்.ஜி.பி.யில் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. காரின் பின்பகுதியில் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் 'டிக், டிக்' என்று அடித்துவிட்டு ஓய்ந்தால் நல்லது. முக்கி நின்ற பிறகு சாவியைத் திருப்பியும் ஒரு 'டிக்'கூட இல்லையென்றால், பம்பின் பாயிண்டுகள் தீய்ந்திருக்கலாம், அல்லது அதற்குப் போகும் ஒயர் தளர்ந்திருக்கலாம். ஓயாமல் படபடவென்று அடித்தால் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கிறது என்று பொருள்.

நான்காவது, எத்தனை நேரம் ஓடிய பிறகு நின்றது, எத்தனை நேரம் பொறுத்துக் கிளம்பியது? இதை நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். இதில்தான் உங்கள் வழக்கின் முக்கியமான துப்பு இருக்கிறது.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுச் சாய்த்தால் என்ன ஆகிறது? கொஞ்சம் வழிந்துவிட்டு நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டால்தான் காற்று உள்ளே போய் எண்ணெய் தடங்கலின்றி வரும். பெட்ரோல் டாங்குக்கும் அப்படி ஒரு காற்றுத் துவாரம் வேண்டும். அது அடைத்துக்கொண்டாலும், துவாரமில்லாத வேறு மூடியை மாட்டியிருந்தாலும், அரை மணி, முக்கால் மணி ஓடியதும் பெட்ரோல் வராமல் போகும். சும்மா நிறுத்தி வைத்தால் காற்று மெல்லக் கசிந்து, கார் மறுபடி கிளம்பும். காசு செலவில்லாத சோதனை இது: கார் நின்றதும், ஆபத்தில்லாத இடமாக இருந்தால், டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்'ஸென்று காற்று உள்ளே போய், உடனே காரும் கிளம்பினால் திருடன் அகப்பட்டான்!

பழைய ரப்பர்க் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எதனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் அதில் ஊறி உட்புறம் உதிர்ந்து பெட்ரோலை அடைக்கலாம்.

கரண்ட் பக்கம் என்றால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் மெல்லிய ஒயரைப் பார்க்க வேண்டும். நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடும்போது இந்த இஞ்சினுக்கு நொடிக்கு 100 தீப்பொறி வேண்டும். அத்தனையும் இந்த ஒரு ஒயரை நம்பித்தான். ஆக்ஸிலேட்டரை அழுத்துவதும் விடுவதுமாக இருக்கையில் அது ஓயாமல் மடங்கி நிமிர்கிறது. இஸ்திரிப் பெட்டியின் ஒயர் உறைக்குள்ளேயே அறுந்து, ஒரு பக்கம் வளைத்தால் சூடேறும், மறுபக்கம் வளைத்தால் ஆறிவிடும், பார்த்திருப்பீர்களே! அதே கதைதான். கண்டென்ஸர் என்ற சின்னக் குப்பியும் சூடேறினால் சோர்ந்து, ஆறினால் பிழைத்துக்கொள்ளும். காலையில் ஆறிய வண்டியில் சோதித்தால் குற்றம் தெரியாது. புதிதாக வாங்கியது என்பதாலேயே அதை நம்பிவிடவும் கூடாது.

சரி, கணவர் ஓட்டும்போது ஏன் நிற்கவில்லை? அவர் எத்தனை தூரம் ஓட்டுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு வரை பத்து நிமிஷம் போய்விட்டுத் திரும்பினால், அந்தக் கோளாறு தலைகாட்ட நேரமேது? கிளட்சைச் சரியாக விடாவிட்டால் இஞ்சின் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அது புறப்படும்போதும் நிறுத்தும்போதும் நடப்பது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது நின்றால் அதற்குக் கிளட்சின் மேல் பழி போட முடியாது.

இது வீட்டுச் சண்டையோடு போகிற விஷயமல்ல. 40 வயது கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே முதல் பிரிட்டனில் வருஷாந்திர சோதனை கட்டாயமில்லை. ஆகவே கோளாறை நீங்களாகத்தான் பிடிக்க வேண்டும். அதுவரை அந்தக் காரை மோட்டார் வேயில் ஓட்டாதீர்கள். எங்கேயாவது நின்றுவிட்டால், உருளும் வேகத்திலேயே இடது ஓரத்துக்குக் கொண்டு வந்துவிடுங்கள். பிரேக்குக்கு பூஸ்டர் பொருத்தியிருந்தால், ஓரிரு தடவை அழுத்தியதும் கனத்துப் போகும். பயப்படாமல் பலமாக அழுத்துங்கள். சாலைப் பக்கத்துக் கதவைத் திறக்காமல், இடது கதவு வழியாக இறங்கி, தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். நோட்டில் எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூன்று தடவை நின்ற விவரம் நோட்டில் ஏறிய பிறகு மெக்கானிக்கிடம் போங்கள். "எதையும் மாற்றுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்" என்று நீட்டுங்கள். ஆறிய வண்டியைப் பார்க்காமல், ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு நாள் உங்கள் கணவரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, மகள் வீட்டுக்கு, மோட்டார் வேயைத் தவிர்த்துச் சுற்று வழியில், அழைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். நீங்கள் நோட்டோடு பக்கத்தில் இருங்கள். நடுவழியில் கார் நின்றால், "கிளட்ச்" என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். அவருக்கே ஞாபகம் வரும்.